ஐந்து கோல் போட்டால் ஆச்சா?

"நம்ம டீம் நிஜமாகவே பலமான டீம்தானா?"

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருக்கிறார்களா, சகோதரிகளே? கேட்டிருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல. கேட்டதில்லை என்றால் தயவு செய்து சாப்பாட்டு வேளையில் கேட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் 2023 ஆகஸ்டு மாதம் பத்து நாள் இந்தக் கேள்வி நடமாடியது. அந்தப் பத்து நாளும் ரசம் ஆறிப் போயிற்று, இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. குடும்பம் மூன்று கட்சியாகப் பிரிந்தது. நான் எந்தக் கட்சி என்று கடைசி வரையில் யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

விவகாரம் ஹாக்கி. ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டி அந்த வருஷம் நம்முடைய சென்னையில், எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆகஸ்டு 3-ம் தேதி முதல் 12-ம் தேதி வரை நடந்தது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தென் கொரியா, ஜப்பான், சீனா என்று ஆறு தேசங்கள். அதே மைதானத்தில்தான் 2007-ல் ஆசியக் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவுக்கு நம்மவர்கள் ஏழு கோல் போட்டார்கள். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் கழித்து இவ்வளவு பெரிய பந்தயம் நம் ஊர்ப் பக்கம் வந்தால் வீடு இரண்டுபடாமல் இருக்குமா?

முதலில் கட்சித் தலைவர்களை அறிமுகம் செய்து வைக்கிறேன்.

என் கொழுந்தனார் கல்லூரி நாளில் ஹாக்கி ஆடியவர். முழங்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. அதைக் காட்டாமல் அவரால் ஹாக்கி பேச முடியாது. அவருடைய கட்சி, "நம்ம டீமுக்கு ஆசியாவில் ஈடே கிடையாது, அண்ணி" என்பது. அவருடைய அண்ணா, அதாவது எங்கள் வீட்டுக்காரர், அடிப்படையில் கிரிக்கெட்காரர். "ஆசியாவில் ஜெயிப்பது ஒரு ஜெயமா? ஜெர்மனியும் பெல்ஜியமும் எதிரே நிற்கட்டும், அப்புறம் பேசு" என்பது அவருடைய வாதம். அந்த வருஷம் ஜனவரியில் ஒரிஸ்ஸாவில் நடந்த உலகக் கோப்பையில் நியூஸிலாந்துக்கு எதிராக நாம் 3-1 என்று முந்தியிருந்து, அதைக் கோட்டை விட்டு, கடைசியில் ஷூட்-அவுட்டில் தோற்று வெளியேறியதை அவர் வாரம் ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார்.

மூன்றாவது கட்சி என் மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுகிறேன். அத்தைக்கு வயது எழுபத்தாறு. பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அங்கே அந்தக் காலத்தில் பையன்கள் கையில் மட்டை இல்லாமல் தெருவில் நடக்கவே மாட்டார்களாம். அத்தை எந்தப் பக்கமும் அடித்துப் பேசுவதில்லை. "ஐந்து கோல் போட்டால் ஆச்சா? ஆட்டம் முடியட்டும்" என்பார். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு சரித்திரம் இருக்கிறது என்பது எனக்கு அந்தப் பத்து நாளில்தான் தெரிந்தது.

முதல் நாள், வியாழக்கிழமை, சீனாவை 7-2 என்று நம்மவர்கள் ஊதித் தள்ளினார்கள். கொழுந்தனார் தரையில் கால் பாவாமல் நடந்தார். மறுநாள் ஜப்பானுடன் ஆட்டம். அதற்குத்தான் நாங்கள் சீட்டு வாங்கியிருந்தோம். அத்தை, நான், என் பெண், மாடி வீட்டு அக்கா, கொழுந்தனார். அவர் வரவில்லை, ஆபீஸில் வேலையாம்.

எழும்பூர் காலரியில் ஒரு தனி உலகம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். முருகப்பா கோப்பைப் பந்தயங்களை வருஷா வருஷம் விடாமல் பார்த்துப் பழகிய கூட்டம் அது. எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெரியவர், ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவருக்கு இடது பக்கம் கல்லூரிப் பையன்கள் நாலு பேர், முகத்தில் மூவர்ணம். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே தர்க்கம் ஆரம்பமாகிவிட்டது.

"சார், ஹர்மன்பிரீத் ஒருத்தர் போதும் சார். பெனால்டி கார்னர் கிடைச்சா கோல்தான்" என்றான் ஒரு பையன்.

"கிடைச்சா கோல் என்று எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கு தம்பி?" என்றார் பெரியவர்.

மாடி வீட்டு அக்கா என் காதைக் கடித்தார். "பெனால்டி கார்னர்னா என்னம்மா?"

உங்களிலும் சிலருக்கு இந்தச் சந்தேகம் இருக்கும். அது தெரியாமல் ஹாக்கிச் சண்டையில் எந்தக் கட்சியிலும் சேர முடியாது. கோலுக்கு முன்னால் அரை வட்டமாக ஒரு கோடு இருக்கிறதல்லவா? ஏறக்குறைய பதினாறு கஜ தூரம். அந்த வட்டத்துக்குள் வந்து பந்தை அடித்தால்தான் கோல் செல்லும். அந்த இடத்தில் எதிர்க் கட்சிக்காரர் தப்புச் செய்தால் நமக்குப் பெனால்டி கார்னர். அப்போது எதிர்த் தரப்பில் கோல் காப்பவரோடு சேர்த்து ஐந்தே பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். நம் ஆள் ஒருவர் கடைக்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார். வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார். இன்னொருவர் அதை மட்டையால் இழுத்து, உடம்பை வில் மாதிரி வளைத்து, கோலை நோக்கி வீசுவார். இதற்கு 'டிராக் பிளிக்' என்று பெயர். அதற்குள் எதிர்த் தரப்பிலிருந்து ஒருவர், முகமூடி மாட்டிக்கொண்டு, வருகிற பந்துக்கு நேராகவே ஓடி வருவார். ரேஷன் கடைக் கதவு திறந்தவுடன் முதல் ஆள் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வேகம். எல்லாம் நாம் ஒரு தும்மல் போடுவதற்குள் முடிந்துவிடும்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. "அப்படின்னா நிறுத்தறவர் கை ஆடினா போச்சு" என்றார். முன் வரிசைப் பெரியவர் திரும்பி அக்காவை ஒரு மரியாதையோடு பார்த்தார்.

அன்று ஆனது அதுதான். என் பெண் பள்ளிக்கூட நோட்டுப் புஸ்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கார்னர்களைக் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தைத் தாண்டிவிட்டது. அத்தனையில் உள்ளே போனது ஒன்றே ஒன்று. ஜப்பான்காரர்கள் இடைவேளைக்கு முன்பு ஒரு கோல் போட்டார்கள். மூன்றாவது பகுதியில் ஹர்மன்பிரீத் அதைச் சமன் செய்தார். 1-1. நேற்று ஏழு கோல் போட்ட கோஷ்டி இன்று ஒரு கோலுக்கு மூச்சு வாங்கியது. மூவர்ணப் பையன்கள் வாடிப் போனார்கள். பெரியவர், "ஜப்பான்காரனுக்கு ஓடத் தெரியும். 2018-ல் ஏஷியன் கேம்ஸ் தங்கம் யார் வாங்கினாங்க? அவங்கதான்" என்றார். அத்தை அவரைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். திரும்பி வரும்போது ஆட்டோவில் கொழுந்தனார் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவோடு ஆட்டம். இது வீட்டில் டெலிவிஷனில். முதல் கோல் யார் போட்டது தெரியுமோ? கார்த்தி செல்வம். அரியலூர்ப் பையன்! ஆடவர் கோஷ்டியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், சென்னை மைதானத்தில், நம் ஜனங்கள் கண் முன்னால் கோல் போட்டால் எப்படி இருக்கும்? டெலிவிஷனில் கேட்ட சத்தத்துக்குத் தெருவே அதிர்ந்தது. ஒரு காலத்தில் நம் பக்கத்திலிருந்து இந்தியக் கோஷ்டிக்குப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. கிருஷ்ணமூர்த்தி பெருமாள், முனீர் சேட், 1980 மாஸ்கோவில் ஸ்பெயினை 4-3 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியபோது தலைவராக இருந்த வாசுதேவன் பாஸ்கரன், பிறகு முகமது ரியாஸ். பூனாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை தன்ராஜ் பிள்ளையையும் நாம் விட்டுக் கொடுப்பதில்லை. கோவில்பட்டிப் பக்கம் போனால் இன்றைக்கும் பையன்கள் மட்டையோடுதான் திரிகிறார்கள். ஆகையால் கார்த்தி போட்ட கோலுக்கு எங்கள் வீட்டுக்காரர் கூடக் கை தட்டினார். பிறகு, தட்டியது ஞாபகம் வந்து, கையைப் பேப்பருக்குள் மறைத்துக்கொண்டார்.

ஆட்டம் 5-0. மலேசியா அந்தப் பந்தயத்தில் லேசான கோஷ்டி அல்ல. பாகிஸ்தானையும் சீனாவையும் அதற்கு முன்னால் ஜெயித்திருந்தார்கள். அவர்களுக்கே ஐந்து!

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மகா யுத்தம் மூண்டது.

"இப்ப என்ன சொல்றீங்க அம்மா? ஐந்துக்குப் பூஜ்யம்!" என்றார் கொழுந்தனார்.

"சந்தோஷம்" என்றார் அத்தை. "ஜகார்த்தாவிலே என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

கொழுந்தனார் மோர்க் கிண்ணத்தைப் பார்த்தார்.

நான் சொல்கிறேன், கேளுங்கள். 2018 ஆசிய விளையாட்டில் நம் ஆடவர் கோஷ்டி முதல் சுற்றில் இந்தோனேசியாவுக்கு 17, ஹாங்காங்குக்கு 26, ஜப்பானுக்கு 8, கொரியாவுக்கு 5, இலங்கைக்கு 20. மொத்தம் 76 கோல்! அதில் ஜப்பானைப் பாருங்கள். நம்மிடம் எட்டுக்குப் பூஜ்யம் என்று உதை வாங்கிய ஜப்பான். அரை இறுதியில் நமக்கு மலேசியா. கடைசி இரண்டு நிமிஷம் வரை 2-1 என்று நாம்தான் முன்னால். 59-வது நிமிஷத்தில் ராஸி ரஹீம் என்பவர் ஒரு பெனால்டி கார்னரைக் கோலாக்கினார். சமன். பிறகு ஷூட்-அவுட்டில் தோல்வி. அன்று மலேசியாவுக்குக் கோல் காத்தவர் குமார் சுப்பிரமணியம். பெயரைப் பாருங்கள், நம்மவர் வீட்டுப் பெயர்தான். இறுதியில் மலேசியாவை ஷூட்-அவுட்டில் வென்று தங்கத்தைக் கொண்டு போனது அந்த எட்டுக் கோல் வாங்கிய ஜப்பான். எழுபத்தாறு கோல் போட்ட நாம் பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்து வெண்கலத்தோடு வந்து சேர்ந்தோம்.

"அது ஒரு தடவை நடந்தது அம்மா. தினமும் நடக்குமா?"

"டாக்காவிலே?" என்றார் அத்தை.

டாக்கா, 2021 டிசம்பர். இதே ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை. முதல் சுற்றில் ஜப்பானுக்கு ஆறு கோல், ஒன்று கூட வாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து அரை இறுதியில் அதே ஜப்பான் நமக்கு ஐந்து கோல் போட்டது; நாம் போட்டது மூன்று. இதற்கு நான்கு மாதம் முன்னால்தான் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியை 5-4 என்று தோற்கடித்து, நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு பதக்கம் வாங்கியிருந்தோம். அந்தப் பெருமையெல்லாம் டாக்காவில் ஒரு சாயங்காலத்துக்குக் கூட உதவவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. "அதைத்தான் நானும் சொல்கிறேன்" என்றார். "நீ ஒண்ணும் சொல்லலை. நீ கிரிக்கெட் பாரு" என்றார் அத்தை. அதோடு அந்தக் கட்சியின் மாநாடு முடிந்தது.

திங்கட்கிழமை கொரியாவை 3-2 என்று ஜெயித்தோம்; கொஞ்சம் மூச்சுத் திணறிய ஜெயம். புதன்கிழமை பாகிஸ்தான். அன்று சாயங்காலம் எங்கள் கட்டடத்தில் யாரும் சமைத்ததாகத் தெரியவில்லை. எல்லா வீட்டிலும் இட்லிதான். ஹர்மன்பிரீத் இரண்டு, ஜுக்ராஜ் ஒன்று, ஆகாஷ்தீப் ஒன்று. 4-0.

அன்றைய ஆட்டத்தில் பரிதாபமான விஷயம் வேறு. முதல் சுற்று முடிந்தபோது கொரியா, ஜப்பான், பாகிஸ்தான் மூன்றுக்கும் ஐந்து ஐந்து புள்ளி. அரை இறுதிக்கு இரண்டு இடம்தான் பாக்கி. போட்ட கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்துப் பார்த்தார்கள். கொரியாவுக்கு ஒன்று குறைவு, ஜப்பானுக்கு இரண்டு குறைவு, பாகிஸ்தானுக்கு ஐந்து குறைவு. பாகிஸ்தான் வெளியே. நாம் போட்ட அந்த நாலு கோல்தான் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது.

அத்தை இதைக் கேட்டுச் சிரித்தார். 1958-ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் முதன் முதலாக ஹாக்கி சேர்த்தார்கள். அப்போது இறுதி ஆட்டம் என்று கிடையாது. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியதில் கோலே விழவில்லை. புள்ளியும் சமம். கோல் கணக்கைப் பார்த்துத் தங்கத்தைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தார்கள். நாம் யாரிடமும் தோற்காமலே இரண்டாவது இடம்! "எங்க அப்பா மூணு நாள் அந்தக் கணக்கையே திட்டினார்" என்றார் அத்தை. அறுபத்தைந்து வருஷம் கழித்து, அதே மாதிரிக் கணக்கு அவர்கள் தலையில் விழுந்தது. பிறகு 1962-ல் ஜகார்த்தாவிலும் தங்கம் பாகிஸ்தானுக்கே போயிற்று. 1966-ல் பாங்காக்கில்தான் கோல் காக்கும் சங்கர் லட்சுமணனின் தலைமையில், அதிகப்படி நேரத்தில் விழுந்த ஒரே ஒரு கோலால் அவர்களை ஜெயித்து ஆசியத் தங்கத்தை முதன் முதலாகக் கொண்டு வந்தோம்.

இதைப் பேசிக்கொண்டிருக்கும்போது மாடி வீட்டு அக்கா ஒரு கேள்வி போட்டார். "1982-லே டில்லியிலே ஏழு கோல் வாங்கினாங்களே, அது?"

எல்லோருக்கும் அந்த 7-1 மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது. பாகிஸ்தான் நம் தலைநகரிலேயே நம்மை அப்படி அடித்தது வாஸ்தவம். ஆனால் அதே டில்லியில், அதே ஆசிய விளையாட்டில், நம்முடைய பெண்கள் கோஷ்டி தங்கப் பதக்கம் வாங்கியது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிய விளையாட்டில் பெண்கள் ஹாக்கி சேர்க்கப்பட்டதே அந்த வருஷம்தான். தலைவி எலிஸா நெல்சன். ஆண்கள் தோற்றதைப் பற்றி நாற்பது வருஷமாகப் பேசுகிறோம், ஒரு சினிமாக் கதைக்கும் அது விதை போட்டது. பெண்கள் ஜெயித்ததைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசியிருப்போமா? என் கட்சி எது என்று யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஆகையால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அரை இறுதி. மறுபடியும் ஜப்பான். டாக்காவை நினைத்து அத்தை பூஜை அறைப் பக்கம் இரண்டு தடவை போய் வந்தார். பயப்பட வேண்டியே இருக்கவில்லை. ஸ்ரீஜேஷுக்கு அது 300-வது சர்வதேச ஆட்டம். ஐந்து கோல் விழுந்தது, கடைசி கோல் நம் கார்த்தி செல்வத்துடையது. ஜப்பான் ஒன்றுகூடப் போடவில்லை. இன்னொரு அரை இறுதியில் மலேசியா, கொரியாவுக்கு ஆறு கோல் போட்டு உள்ளே வந்தது.

சனிக்கிழமை மத்தியானமே என் பெண் சமையலறைக்கு வந்துவிட்டாள். "அம்மா, இன்னிக்கு ஜெயிச்சுடுவோம். கேசரி பண்ணலாம். மலேசியாவுக்கு ஏற்கெனவே அஞ்சு போட்டாச்சு."

அத்தை காதில் விழுந்துவிட்டது. "ஆட்டம் முடியாம வீட்டிலே சர்க்கரை டப்பாவைத் திறக்கக் கூடாது" என்றார்.

"ரவையாவது வறுத்து வைக்கலாமா பாட்டி?"

யோசித்துப் பார்த்து, ரவை வறுக்க உத்தரவு கொடுத்தார். முந்திரிக்கும் அனுமதி. சர்க்கரைக்குக் கண்டிப்பாகத் தடை.

எட்டரை மணிக்கு ஆட்டம். ஒன்பதாவது நிமிஷம் ஜுக்ராஜ் கோல் போட்டார். கொழுந்தனார் சமையலறையைப் பார்த்தார். அத்தை கொழுந்தனாரைப் பார்த்தார். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது. பதினாலாவது நிமிஷம் அஸ்ராய் அபு கமால் ஒரு கோல். பதினெட்டாவது நிமிஷம் ராஸி ரஹீம். ஆம், ஜகார்த்தாவில் 59-வது நிமிஷம் நம் வயிற்றில் புளியைக் கரைத்த அதே ராஸி ரஹீம்! இருபத்தெட்டாவது நிமிஷம் அமினுதீன். இடைவேளைக்கு மலேசியா 3, இந்தியா 1.

எழும்பூர் மைதானம் நிறைந்திருந்தது. ஆனால் டெலிவிஷனில் ஒலியை யாரோ குறைத்துவிட்டது போல் இருந்தது. மலேசியாவின் பயிற்சியாளர் அருள் செல்வராஜ் என்பவர்; அவருக்குத் தன் பையன்களிடம் என்ன சொல்வது என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆறு நாளுக்கு முன் ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகள் பந்து கிடைத்த இடமெல்லாம் பாய்ந்தார்கள். நம்மவர்கள் பந்தைப் பிடித்துப் பிடித்து இழந்தார்கள்.

இடைவேளையில் எங்கள் கூடத்தில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொழுந்தனார் முகம் சுண்டிவிட்டது. "நம்ம டீம் அவ்வளவுதான் அண்ணி. ஜூன்யர் டீம்களை அடிக்கத்தான் லாயக்கு" என்றார். பத்து நாளாகக் கொடி பிடித்தவர்! எங்கள் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், தம்பி முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அத்தை மட்டும் நிதானமாகப் பேசினார்.

"எழுபத்தஞ்சிலே கோலாலம்பூர். உலகக் கோப்பை செமி பைனல். இதே மலேசியாதான். ரெண்டுக்கு ஒண்ணு அவங்க முன்னாலே. முடியற நேரம். உங்க அப்பா ரேடியோவை அணைக்கப் போனார். நான்தான் கையைப் பிடிச்சேன். அஸ்லாம் ஷேர் கானை உள்ளே அனுப்பினாங்க. வந்தான், கழுத்திலே இருந்த தாயத்தை முத்தம் கொடுத்தான், கார்னரை அடிச்சான், கோல். அப்புறம் ஹர்சரண் சிங் இன்னொண்ணு. பைனல்லே பாகிஸ்தானையும் ஜெயிச்சுக் கோப்பையோட வந்தாங்க." பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். "ஐந்து கோல் போட்ட அன்னிக்கு நீ பலம்னு சொன்னே. நான் ஒத்துக்கலை. இன்னிக்கு நீ பலமில்லைன்னு சொல்றே. அதையும் நான் ஒத்துக்கலை. உட்காரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன் ரேடியோவில் கேட்ட ஆட்டத்தை நேற்றுப் பார்த்த மாதிரி சொல்கிறார். அத்தனை நாளும் அவரை நாங்கள் அவநம்பிக்கைக் கட்சி என்றல்லவா நினைத்திருந்தோம்?

மூன்றாவது பகுதி. பதினைந்து நிமிஷத்தில் பதினாலு போய்விட்டது. ஸ்கோர் அதே 3-1. கடைசி நிமிஷத்தில் நமக்குப் பெனால்டி ஸ்ட்ரோக். கோல் காப்பவரும் அடிப்பவரும் மட்டும் நேருக்கு நேர் நிற்கும் தண்டனை அது. ஏழு கஜ தூரம். ஹர்மன்பிரீத் தவறவிடவில்லை. 3-2. கை தட்டி ஓய்வதற்குள், மணி அடிப்பதற்குள், குர்ஜந்த் சிங் இன்னொன்று போட்டார். 3-3! ஒரே நிமிஷத்தில் இரண்டு கோல். மைதானத்தில் எழுந்த சத்தம் எங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவே வந்ததாக என் பெண் இன்னும் சாதிக்கிறாள். நாங்கள் இருப்பது அயனாவரம், வந்திருக்க நியாயமில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் சத்தமாக இருக்கும். ஆனால் அந்தச் சமயத்தில் அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாலாவது பகுதியில் என்ன நடந்தது என்று கோவையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். 56-வது நிமிஷம் கொழுந்தனார் "ஆகாஷ்தீப்!" என்று கத்தினார். கண்ணைத் திறந்தேன். வட்டத்தின் விளிம்பிலிருந்து அவர் அடித்த அடி வலைக்குள் கிடந்தது. 4-3.

"பாட்டி, சர்க்கரை?" என்றாள் என் பெண்.

"நாலு நிமிஷம் இருக்கு" என்றார் அத்தை.

அந்த நாலு நிமிஷத்தை விவரிக்க வேண்டுமா? உங்கள் வீட்டிலும் ஓடியிருக்கும். மணி அடித்த பிறகுதான் அத்தை சாவியை எடுத்துக் கொடுத்தார். இந்தியாவுக்கு நாலாவது தடவை அந்தக் கோப்பை. அதில் 2018-ல் மஸ்கட்டில் மழை பெய்து ஆட்டம் நடக்காமல் பாகிஸ்தானோடு பங்கு போட்டுக்கொண்டதும் ஒன்று. கேசரி அன்று கொஞ்சம் குழைந்துதான் போயிற்று. ரவை ஆறு மணி நேரம் காத்துக் கிடந்தால் பின்னே எப்படி இருக்கும்?

தர்க்கம் முடிந்ததா என்று கேட்கிறீர்கள். எங்கே முடிந்தது! அடுத்த இரண்டு மாதத்தில் சீனாவில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு. ஏழு ஆட்டத்தில் 68 கோல். பாகிஸ்தானுக்கு மட்டும் 10-2. அரை இறுதியில் கொரியாவை 5-3 என்றும், இறுதியில் ஜப்பானை 5-1 என்றும் ஜெயித்துத் தங்கம். அந்தத் தங்கத்தோடு பாரிஸ் ஒலிம்பிக்குக்கு நேர் அனுமதியும் சேர்ந்து வந்தது. கொழுந்தனார் அந்த 68-ஐக் காலண்டரில் பெரிதாக எழுதி வைத்தார். 2024 பாரிஸில் ஆஸ்திரேலியாவை ஜெயித்தோம். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் அவர்களை நாம் ஜெயித்ததில்லை. கால் இறுதியில் பிரிட்டனோடு பத்துப் பேராக நின்று நாற்பது நிமிஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்து ஷூட்-அவுட்டில் ஜெயித்தோம். அரை இறுதியில் ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றோம். அன்று எங்கள் வீட்டுக்காரர், "நான் அப்போதே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காகவே அவருக்கு ஒரு காபி அதிகமாகக் கொடுத்தேன். ஸ்பெயினை 2-1 என்று ஜெயித்து வெண்கலம். ஸ்ரீஜேஷ் அதோடு ஓய்வு பெற்றார்.

பாரிஸ் முடிந்த அடுத்த மாதமே, 2024 செப்டம்பரில், ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை மறுபடியும் வந்தது, சீனாவில் ஹுலுன்புயர் என்ற ஊரில். இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிரே சீனா. ஆமாம், சென்னையில் ஏழு கோல் வாங்கிய சீனாதான். அந்தப் பந்தயத்திலேயே முதல் சுற்றில் நாம் அவர்களை 3-0 என்று ஜெயித்திருந்தோம். கொழுந்தனார் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. என் பெண் தானாகவே ரவையை மட்டும் வறுத்து மூடி வைத்தாள்.

முதல் பகுதி, இரண்டாவது, மூன்றாவது, கோல் இல்லை. ஐம்பது நிமிஷம் வரை பூஜ்யத்துக்குப் பூஜ்யம். 51-வது நிமிஷம் ஜுக்ராஜ் போட்டார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "பாட்டி, போடலாமா?"

"இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு" என்றார் அத்தை.